கிட்டங்கி முதல் ராபின்சன் சாலை வரை: சிங்கப்பூர் நிதித் தொழிலின் இரு நாற்றங்கால்கள்



2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிங்கப்பூரின் நிதி வட்டாரத்தில், ராபின்சன் சாலை 80ஆம் எண் கட்டடத்தில் ‘லேட்டிஸ்80’ என்னும் நிலையம் ஒன்று திறக்கப்பெற்றது. நிதித் தொழில்நுட்பத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பணிபுரிவதற்கென அமைந்த இடம் அது. அவ்வகையில் உலகிலேயே பெரியது என்னும் அறிவிப்போடு அது தொடங்கியது. சிங்கப்பூரின் முதலாவது நிதித் தொழில்நுட்ப விழாவும் அதே மாதத்தில்தான் நடைபெற்றது. 

அக்கட்டடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட் வந்துவிடும். தமிழர் நாவில் அதற்குச் ‘செட்டித் தெரு’ என்றொரு பெயரும் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே கிட்டங்கிகளில் அமர்ந்து கடன் கொடுத்தனர், உண்டியல் எழுதினர், கணக்கு வைத்தனர், தம் பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்கினர். அங்கும் ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் இயங்கின.

இவ்விரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே செய்தவை’ என்று மார்தட்டிக்கொள்வது என் கருத்தன்று. நிதித்துறையில் புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. அதன் வாயில் யாருக்குத் திறந்தது? அது தவறியபோது இழப்பு யார் தலையில் விழுந்தது? கிட்டங்கியின் வரலாறு இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையான விடைகளைத் தருகிறது. அவற்றுள் சில பெருமைக்குரியவை, சில அவ்வாறல்ல.

கடலாக இருந்த நிலம்

ராபின்சன் சாலை அமைந்துள்ள நிலம் முன்னாளில் கடல். பழைய கரை தெலுக் ஆயர் ஸ்திரீட்டை ஒட்டி இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் அத்தெருவில் எழுப்பிய நாகூர் தர்கா, அன்று கடலை நோக்கி நின்றது. பாய்மரக் கப்பலில் வந்து கரையேறியவர் கண்ணில் முதலில் பட்ட கட்டடங்களுள் அதுவும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடாவை மண்ணிட்டுத் தூர்த்தனர்; அவ்வாறு பெற்ற நிலத்தில் போடப்பட்ட சாலைக்கு ஆளுநர் ராபின்சனின் பெயர் இடப்பட்டது.

வணிகத்தின் நடுவிடம் அதற்குச் சற்று வடக்கே இருந்தது. ‘கமர்ஷியல் ஸ்குவேர்’ என வழங்கிய அத்திடல் 1858இல் ராஃபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மறு ஆண்டாகிய 1859இல் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சார்ட்டர்ட் வங்கி சிங்கப்பூரில் கிளை திறந்தது. டேங்க் ரோட்டில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். ஒன்று வங்கி, மற்றொன்று கோயில். இரண்டுக்கும் தொடர்பு என்ன என்று மாணவர்கள் வினவலாம். நகரத்தாரைப் பொறுத்தவரை கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. அவர்கள் கூடிப் பேசும் அவையும், வழக்குத் தீர்க்கும் மன்றமும், வணிக வரவில் ஒரு பகுதியை மகமையாகச் செலுத்தும் பொது நிதியும் அதுவே. ஐரோப்பிய வங்கிக்குச் சட்டமும் நீதிமன்றமும் அளித்த உறுதியை நகரத்தாருக்குக் கோயில் அளித்தது.

கிட்டங்கியின் அமைப்பு

‘கிட்டங்கி’ என்பது கிடங்கு என்னும் சொல்லுக்கு உறவுடையது. பண்டகசாலையைக் குறிக்கும் ‘குடாங்’ என்னும் மலாய்ச் சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சரக்கு வைக்கும் இடத்தின் பெயர் பணம் வைக்கும் இடத்திற்கு ஏறியது.

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் கொண்ட கடைவீடுகள். கீழ்த்தளத்தில் நீண்ட கூடம். அதன் இருமருங்கிலும் தரையில் வரிசையாகச் சாய்வுமேசைகளும் மரப்பெட்டிகளும் இருக்கும். ஒரு பெட்டி ஒரு நிறுவனம். அதற்குரியவர் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவார். அருகிலிருக்கும் அடுத்த பெட்டி வேறொருவருடையது. அவர் உறவினராகவும் இருக்கலாம், தொழிலில் போட்டியாளராகவும் இருக்கலாம். மாடியில் படுக்கை, பின்கட்டில் சமையல். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அனைவரும் பங்கிட்டுக்கொண்டனர். குடும்பங்கள் செட்டிநாட்டில் இருந்தமையால் அவ்வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் இல்லை.

ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ‘விலாசம்’ உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன அடையாளம் அது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார்; அவர் சார்பில் ‘மேலாள்’ என்னும் முகவர் அதிகாரப் பத்திரம் பெற்றுக் கடல் கடந்து வருவார். அவருக்குக் கீழே ‘அடுத்தாள்’. அவருக்கும் கீழே ‘பெட்டியடிப் பையன்’. முகவரின் தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு அவர் கப்பல் ஏறுவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். இலாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

இவ்வேணியில் ஏறுவதே நகரத்தார் பிள்ளையின் கல்வி. பெட்டியடிப் பையனாக வந்த சிறுவன் கூடத்தைப் பெருக்குவதில் தொடங்கி, கடிதம் நகலெடுத்து, வட்டி கணக்கிட்டு, கடன் கேட்டு வருவோரின் முகக்குறிப்பை மூத்தவர் அருகிலிருந்து படித்துப் பழகினான். முந்திரி, காணி, மாகாணி முதலிய தமிழ்ப் பின்னங்களை எழுதுகோல் தொடாமல் மனத்தாலேயே பெருக்கிக் கழிக்கும் பயிற்சி அவனுக்கு ஊரிலேயே தொடங்கியிருந்தது. சில தவணைகள் கழித்து, சேர்த்த பங்கையும் பழைய முதலாளியிடம் பெற்ற வைப்பையும் கொண்டு தானே ஒரு விலாசம் தொடங்கினான்.

புதுத்தொழில்களை வளர்த்துவிடும் இடங்களை இன்று தமிழில் ‘தொழில் வளர் காப்பகம்’ என்றும் ‘அடைகாப்பகம்’ என்றும் சொல்கின்றனர். ‘நாற்றங்கால்’ என்பது இன்னும் பொருந்தும் என எண்ணுகிறேன். நாற்றங்காலில் நெருக்கமாக வளரும் பயிர் அங்கேயே நின்றுவிடக் கூடாது; பறித்து வேறு வயலில் நடப்பட வேண்டும். அவ்வகையில் கிட்டங்கி ஒரு நல்ல நாற்றங்கால்.

நம்பிக்கையின் கருவிகள்

கிட்டங்கியில் இரும்புப் பெட்டிகள் இருந்தன. ஆயினும் அதன் உண்மையான முதல் வேறு. ஒரு நிறுவனத்தின் பணத்தை ‘முதல் பணம்’, ‘மேல் பணம்’ எனப் பிரித்துப் பேசினர். முதல் பணம் என்பது உரிமையாளர் தாமே இட்டது. மேல் பணம் என்பது பிறரிடமிருந்து வந்த வைப்பு: உறவினர் சேமிப்பு, கோயில் நிதி, ஆச்சிமாரின் சீதனப் பணம், பிற நகரத்தார் நிறுவனங்களின் உபரி. தேவைப்பட்டபோது ஐரோப்பிய வங்கிகளும் நகரத்தாரின் கையொப்பத்தை நம்பிக் கடன் கொடுத்தன. அவ்வங்கிகள் நேரடியாக அறியாத சிறு வணிகருக்கு அப்பணம் நகரத்தார் வழியாகவே சென்றது. நாட்டு வணிகரைத் தெரியாத வங்கிக்கும் வங்கியைத் தெரியாத நாட்டு வணிகருக்கும் இடையே கிட்டங்கி ஒரு பாலமாக நின்றது.

பணத்தை இடம் மாற்ற உண்டியல் உதவியது. சிங்கப்பூர் வணிகர் ஒருவர் ரங்கூனில் ஒருவருக்குப் பணம் செலுத்த வேண்டுமெனக் கொள்வோம். அவர் கிட்டங்கியில் பணத்தைக் கட்டுவார். மேலாள் ரங்கூனில் உள்ள நிறுவனத்திற்கு ஓர் ஓலை எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டுசென்று காட்டியவருக்கு அங்கே பணம் கிடைக்கும். கண்டவுடன் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது தவணை உண்டியல். நாணயம் ஒன்றுகூடக் கடலைக் கடப்பதில்லை. இரு நிறுவனங்களின் பேரேட்டிலும் பற்றும் வரவும் எழுதப்படும். எதிர்த்திசையில் வரும் வேறொரு உண்டியல் அதை நேர்செய்யும். கணினி இல்லாத காலத்தில் கல்கத்தா முதல் சைகோன் வரை இவ்வலை விரிந்திருந்தது.

வட்டிக்கும் பொது அளவு இருந்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடித் தம்முள் வழங்கும் ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தனர். பணம் மிகுந்திருந்தால் வட்டி இறங்கும். தட்டுப்பாடு வந்தால் ஏறும். ஆண்டுக் கணக்கின் முடிவில் எடுக்கப்படும் ‘ஐந்தொகை’ நிறுவனத்தின் நிலையை ஒரே பார்வையில் காட்டியது. வாக்குத் தவறியவரின் கணக்கு மட்டும் முடங்குவதில்லை. அவருடைய பெயரும் கோயிலிலும் திருமணப் பந்தலிலும் மங்கியது. இன்றைய கடன் மதிப்பீட்டு நிறுவனம் எண்களால் செய்வதை அன்று சமூகம் தன் நினைவால் செய்தது.

வாயில் யாருக்குத் திறந்தது?

கடன் பெறுவோருக்குக் கிட்டங்கியின் வாயில் அகலமாகவே திறந்திருந்தது. சீனக் கடைக்காரர், அபினி வணிகர், ஈயச் சுரங்க முதலாளி, ரப்பர்த் தோட்டம் போட்ட சிறு விவசாயி, மலாய் நிலக்கிழார், சம்பளத் தேதிக்கு முன்பே கை வறண்ட அரசு எழுத்தர், சில வேளைகளில் ஆங்கில அதிகாரிகள் எனப் பலரும் அங்கே வந்தனர். ஆங்கில வங்கியின் மேசைவரை செல்ல முடியாதவருக்கு இங்கே பாயில் இடம் கிடைத்தது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் பினாங்கிலும் இதே காட்சிதான். வட்டிக்கடைக்காரரைக் குறிக்க ‘செத்தி’ என்னும் சொல் மலாய் அகராதியிலேயே ஏறிவிட்டது. செட்டி என்பதன் மலாய் வடிவம் அது. ஓர் இனத்தின் பெயர் ஒரு தொழிலின் பெயராக மாறுவது புகழும் ஆகும். சில வேளை வசையும் ஆகும்.

கடன் கொடுப்போராக உள்ளே நுழைவதற்கோ வாயில் மிகக் குறுகியது. ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்த ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். நம்பிக்கை உறவின்மேல் கட்டப்பட்டமையால் உறவுக்கு வெளியே இருந்த எவரும், எத்துணைத் திறமுடையவராயினும், பெட்டியின் முன் அமர இயலவில்லை. சீதனப் பணத்தால் முதல் கொடுத்த ஆச்சிமாரும் அந்தக் கூடத்தில் அமர்ந்ததில்லை. கிட்டங்கியின் வலிமை எதுவோ அதுவே அதன் எல்லையாகவும் இருந்தது.

இழப்பு யார் தலையில் விழுந்தது?

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் இதற்கு விடை சொன்னது. ரப்பர் விலையும் அரிசி விலையும் சரிந்தன. கடன் வாங்கியோர் வட்டி கட்ட இயலாமல் நிலத்தை இழந்தனர். நகரத்தாரின் பணம் மிகுதியாக முடங்கியிருந்த பர்மாவில் இது பெரும் அளவில் நேர்ந்தது. அங்கே 1930 அளவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் 6 விழுக்காடு. 1930களின் இறுதியில் அது 25 விழுக்காட்டை எட்டியது. நிலம் வேண்டி அவர்கள் கடன் கொடுக்கவில்லை. கொடுத்த பணம் திரும்பாததால் நிலம் கைக்கு வந்தது. ஆயினும் தன் வயலிலேயே குத்தகையாளாக நின்ற பர்மிய விவசாயிக்கு அவ்வேறுபாடு ஆறுதல் தரவில்லை. அவன் சினம் பின்னர் அந்நாட்டு அரசியலில் வெளிப்பட்டது. போரும் விடுதலையும் வந்தபின் நகரத்தாரும் அந்நிலங்களை இழந்து வெறுங்கையோடு திரும்பினர். ஆக, இழப்பு இருவர் தலையிலும் விழுந்தது. முதலில் கடன் பெற்றவர், பின்னர் கடன் கொடுத்தவர்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேற்ற அரசு விழித்துக்கொண்டது 1930களில்தான். வட்டித் தொழிலுக்கு உரிமம் வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், மிகை வட்டியை நீதிமன்றம் திருத்தலாம் என்னும் வகையில் சட்டங்கள் வந்தன. நூறாண்டுக் காலம் தன்போக்கில் நடந்த தொழிலுக்குக் கரை கட்டப்பட்டபோது வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாற்றங்காலைப் பார்க்கும்போது இது பயன்படும்.

நகரத்தாருள் தொலைநோக்குடையோர் காலத்தை உணர்ந்திருந்தனர். 1907இல் சென்னையில் இந்தியன் வங்கி தோன்றியபோது அதன் முதலீட்டாளர்களுள் நகரத்தார் முன்நின்றனர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார். பினாங்குக் கிளை அடுத்து வந்தது. பெயர்களைக் கவனியுங்கள். கிட்டங்கிகளின் வழித்தடத்திலேயே வங்கி நடந்தது. உறவின் நம்பிக்கையைப் பங்குதாரர், தணிக்கையாளர், சட்டம் ஆகியவற்றின் நம்பிக்கையாக மாற்றும் முயற்சி அது.

கடைவீடு போய்க் கோபுரம் வந்தது

சிங்கப்பூர் விடுதலை பெற்றபின் நிதித்துறையை நாட்டின் தூண்களுள் ஒன்றாக வளர்க்க அரசு முனைந்தது. 1968இல் ஆசிய டாலர் சந்தை தொடங்கிற்று. 1971 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூர் நாணய ஆணையம் அமைந்தது. ராஃபிள்ஸ் பிளேஸ், ராபின்சன் சாலை, ஷென்டன் வே ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதி வரைபடத்தில் காலணி போலத் தோன்றியமையால் ‘கோல்டன் ஷூ’ என்று பெயர் பெற்றது. பழைய வாடகைக் கட்டுப்பாடு அப்பகுதியில் 1970இல் நீக்கப்பட்டது, கடைவீடுகள் இடிந்தன, கோபுரங்கள் எழுந்தன.

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளும் அச்சீரமைப்பில் மறைந்தன. அத்தெருவில் 1984இல் கோல்டன் ஷூ வாகன நிறுத்தகமும் உணவங்காடியும் எழுந்தன. அதுவும் 2017இல் மூடப்பட்டு, இன்று அங்கே 280 மீட்டர் உயரமுடைய ‘கேப்பிட்டாஸ்பிரிங்’ கோபுரம் நிற்கிறது. கிட்டங்கியின் நினைவைத் தாங்கி நிற்பது கோயில்தான். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுக் கியோங் சேக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று திரும்புகிறது. பழைய வணிகரின் நாள்காட்டியில் இன்றும் கிழியாத ஏடு அது.

இரண்டாம் நாற்றங்கால்

2015 ஜூன் மாதத்தில் நாணய ஆணையம் நிதித்துறையில் தொழில்நுட்பத்தையும் புத்தாக்கத்தையும் வளர்க்க ஐந்தாண்டுகளுக்கு 225 மில்லியன் வெள்ளி ஒதுக்குவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அதற்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஆணையத்தின் கட்டடத்திலேயே ‘லுக்கிங் கிளாஸ்’ என்னும் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அதன்பின் வந்ததே தொடக்கத்தில் நாம் கண்ட ராபின்சன் சாலை நிலையம். பின்னாளில் அதன் பெயர் மாறியது, நடத்துவோரும் மாறினர். நாற்றங்கால்களும் நட்டமடையக் கூடியவை என்பது புதுத்தொழில் முனைவோர் அறியவேண்டிய பாடம்.

இவ்வகை நிலையத்தில் ஒரு மேசையில் இருவரோ மூவரோ அமர்ந்து, கட்டணம் செலுத்தும் செயலி, காப்புறுதியை ஒப்பிடும் தளம், சிறு நிறுவனங்களுக்குக் கடன் திரட்டும் சந்தை என ஏதேனும் ஒன்றை உருவாக்க முயல்கின்றனர். வாடகையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பக்கத்து மேசைக்காரர் செய்யும் பிழையிலிருந்து கற்கின்றனர். முதலீட்டாளரும் வங்கியாளரும் அதே தளத்துக்கு வந்துபோகின்றனர். கிட்டங்கியின் கூடம் நம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆயினும் இருவேறு அடிப்படைகளை நாம் மறந்துவிடக் கூடாது. முதலாவது, இங்கே சாதியும் உறவும் நுழைவுச்சீட்டு அல்ல. பெண்கள் நிறுவனர்களாக அமர்கின்றனர். பல நாட்டவர் அமர்கின்றனர். இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. ஆணையம் 2016 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுநெறி ‘சோதனைக்களம்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புதிய சேவையை ஒரு குறித்த காலத்துக்கு, ஒரு குறித்த எல்லைக்குள், சில விதிகளைத் தளர்த்தி நடத்திப் பார்க்கலாம். தவறு நேர்ந்தால் அதன் விளைவு அவ்வெல்லையைத் தாண்டாதவாறு பாதுகாப்பு இருக்க வேண்டும். மலேசியாவின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவும் அதே ஆண்டு அக்டோபரில் இத்தகைய வரையறையை வெளியிட்டது. கிட்டங்கிக்குச் சட்டம் வெள்ளம் வந்தபின் வந்தது. இங்கே வெள்ளத்துக்கு முன்பே வாய்க்கால் வெட்டப்பட்டது. வரலாற்றிலிருந்து அரசுகள் கற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

முழுமையாகக் கற்றுவிட்டோமா? 2022இல் மின்னாணயச் சந்தை சரிந்தபோது சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட சில நிறுவனங்களும் வீழ்ந்தன. அவற்றை நம்பிப் பணம் போட்ட எளிய சேமிப்பாளர்களும் இழந்தனர். அதன்பின் ஆணையம் பொதுமக்களைக் காக்கும் விதிகளை இறுக்கியது. மூதலீடு செய்தவர் பலர் தாம் எதில் பணம் போட்டோம் என்பதை அறியாமலே போட்டிருந்தனர். பெருமந்தக் காலத்தில் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவரும், இன்று நீண்ட நிபந்தனைகளைப் படியாமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று திரையைத் தொடுபவரும் ஒரே ஆபத்தில் நிற்கின்றனர். புரியாத மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தம் எக்காலத்திலும் எளியவருக்கு எதிராகவே இருக்கும்.

உண்டியல் திரும்பி வந்த நாள்

2023 பிப்ரவரி 21ஆம் நாள் சிங்கப்பூரின் ‘பேநவ்’ கட்டண முறையும் இந்தியாவின் ‘யூபிஐ’ முறையும் இணைக்கப்பட்டன. கைபேசி எண் ஒன்றைக்கொண்டு இங்கிருந்து ஊருக்குச் சில நொடிகளில் பணம் அனுப்பலாம் என்னும் நிலை வந்தது. தாய்லாந்தோடு 2021இலும் மலேசியாவோடு 2023 நவம்பரிலும் இவ்வாறே இணைப்புகள் ஏற்பட்டன. 200 அமெரிக்க டாலரை நாடு கடத்தி அனுப்ப உலகச் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. 2030க்குள் அதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வியர்வை சிந்தும் தொழிலாளிக்கு அந்த 3 விழுக்காடு சிறு தொகையன்று. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில் அடங்கியிருக்கும்.

இந்தியத் தரப்பில் இருபுறப் பரிமாற்றத்துக்கும் தொடக்க நாளிலேயே முன்வந்த வங்கிகள் நான்கு. பாரத ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ வங்கி ஆகியவற்றோடு அப்பட்டியலில் இருந்த மற்ற இரண்டும் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஆகும். நகரத்தார் முதலிட்டும் முன்நின்றும் தொடங்கிய அவ்விரு வங்கிகளும் இன்று இந்திய அரசின் உடைமை. மார்க்கெட் ஸ்திரீட்டில் ஓலையாக எழுதப்பட்ட தரிசன உண்டியல், நூறாண்டு கழித்து அதே இரு கரைகளுக்கிடையே மின்னோட்டமாகத் திரும்பியிருக்கிறது. நாணயம் கடல் கடப்பதில்லை, பற்றும் வரவும் மட்டுமே கடக்கின்றன என்னும் நெறி மாறவில்லை. மாறியது, அதைப் பயன்படுத்த விலாசம் உடையவராக இருக்க வேண்டியதில்லை என்பதே.

சொற்கள் நம் கையில்

மொழி வளர்க்கும் அவையில் நின்று பேசுவதால் ஒன்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். கிட்டங்கி முழுக்க முழுக்கத் தமிழில் இயங்கியது. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, தவணை, நடப்பு வட்டி, உண்டியல் என ஒரு நிதித்துறைக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் அதனிடம் இருந்தன. நீதிமன்றத்தில் ஆங்கிலம் பேசப்பட்டது. கணக்கு தமிழில் நின்றது. இன்று அச்சொற்களுள் பல நம் மாணவருக்கு அயலாகிவிட்டன. உண்டியல் என்றதும் அவர்கள் கண்முன் தோன்றுவது கோயில் காணிக்கைப் பெட்டி.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் சந்திக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஓர் எளிய கடன் ஒப்பந்தத்தையோ, கைபேசிச் செயலியின் நிபந்தனைகளையோ மாணவர்கள் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, தவறினால் என்ன நேரும் என்பதைத் தம் பாட்டிக்கு விளங்குமாறு அவர்களால் சொல்ல முடிந்தால் அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று பொருள். சொல்ல முடியாவிட்டால் அவர்களும் புரியாமலேயே திரையைத் தொடுவார்கள்.

அடுத்த நாற்றங்கால் எந்தத் தெருவில் எழும் என்பதை நாம் அறியோம். அதில் நம் மாணவருள் சிலர் மேசை போட்டு அமரக்கூடும். அன்று அவர்கள் உருவாக்கும் சேவையின் வாயில் யாருக்குத் திறக்கிறது, அது தவறினால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் தொழில் தொடங்கும் நாளிலேயே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். செட்டித் தெருவில் அக்கேள்விகள் எழுந்தபோது காலம் கடந்திருந்தது.